ஒன்பது வெள்ளைப் பெட்டிகள்

அந்தூரியத்தை வெட்டும்போது கத்தியைச் சரித்துப் பிடிக்க வேண்டும். நேராக வெட்டினால் தண்டின் வாய் வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்காது; இரண்டு கிழமை நிற்க வேண்டிய பூ மூன்றாம் நாளே கழுத்தைத் தொங்கப்போடும். உதயகலா இதை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். அவளுடைய மச்சாள் ஞானாம்பிகைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாழைக்குலை வெட்டிப் பழகிய கை பூவையும் அப்படியே சரித்து வெட்டியது.

புரட்டாதியின் கடைசிக் கிழமை. இரவு பெய்த மழையில் புத்தூரின் செம்மண் களியாகிக் கிடந்தது. பச்சை வலைக் கொட்டிலுக்குள் இரண்டு பேரும் செருப்பில்லாமல் நின்றார்கள். தேங்காய் மட்டைத் துண்டு நிரப்பிய சாடிகளிலிருந்து ஈரவாடை எழுந்தது.

"மச்சாள், சிவப்பு எத்தினை தேறும்?"

"நாப்பத்தெட்டு. அந்தக் கரையிலை நிக்கிறது இன்னும் விரியேல்லை. நாளையிண்டைக்குப் பாப்பம்."

"வெள்ளிக்கிழமை குடுக்கோணுமெல்லே?"

"அதுக்கு? பூவை வெருட்டி விரிய வைக்கச் சொல்லுறியோ?"

உதயகலா சிரித்துவிட்டாள். ஞானாம்பிகை சிரிக்கவில்லை, நெற்றியில் வழிந்த வேர்வையைப் பொட்டில் படாமல் புறங்கையால் ஒற்றினாள். ஐம்பத்துநாலு வயதிலும் அவளுடைய குங்குமம் சதக்காசு அளவில் வட்டமாக இருந்தது. கொண்டையில் காலையில் வைத்த மல்லிகை.

வெள்ளிக்கிழமைக்கு வேண்டியது அறுபத்துநாலு பூப்பெட்டி. யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருந்த கொழும்பு நிதி நிறுவனம் ஒன்று, தன்னுடைய பெண் வாடிக்கையாளர்களுக்கு நவராத்திரிக்குக் கொடுக்கப்போகிற பரிசு. மில் வைத்திருப்பவர், தையல் கடைக்காரி, ரியூட்டரி நடத்துகிறவர், மிளகாய் அரைத்துப் பொதி செய்து விற்கிறவர் என்று அறுபத்துநாலு பேர். போன வருடம் வரைக்கும் இந்தக் கிளையில் சுவர் மணிக்கூடும் குடையும் கொடுத்த நிறுவனம் இந்த வருடம் பூவுக்கு மாறியிருந்தது. இது சரிவந்தால் தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் எல்லாவற்றுக்கும் ஓடர் இங்கேதான். வவுனியாக் கிளையும் கேட்கும் என்று கதை. உதயகலாவின் புருசன் குகதாசன் அந்தக் கதையை நம்பி ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றிப் பூ அடுக்கத் தட்டு அடித்துவிட்டான்.

வீடும் வளவும் கிணறும் ஞானாம்பிகையின் சீதனம். தம்பி குகதாசன் குடும்பத்தோடு பத்து வருடமாக அக்காவுடன்தான் இருந்தான். பிள்ளை இல்லாத அக்காவுக்கு அவனுடைய மகள் கீர்த்திகா சொந்தப் பிள்ளை மாதிரி. ஞானாம்பிகையின் புருசன் இராசநாயகம் 2007 ஆடி மாதத்தில் ஒருநாள் விடியச் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனவர். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அவர் செத்திருக்கலாம் என்ற கதையை அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஆனால் ஒரு தாள் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் வலைக் கொட்டில் போடக் ஞானாம்பிகையின் பெயரில் கடன் கேட்டபோது இதே நிறுவனம் காணியை ஈடு கேட்டது. காணி ஞானாம்பிகையின் பெயரில் இருந்தாலும், யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கலியாணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைக்கப் புருசனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். கோட்டுக்குப் போய் அனுமதி எடுக்கலாம், ஆனால் இழுபடும் என்றார் உறுதி எழுதும் நொத்தாரிசு. கெதியான வழி ஒன்று இருந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ். குகதாசன் ஒரு மாதம் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தாள் தாளாய்க் கிடக்கட்டும். ஊருக்குள்ளை ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது. அந்தியேட்டி, திவசம் எண்டு ஒருத்தரும் என்னட்டை வரப்படாது. என்ரை பொட்டிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. சரியோ?"

"சத்தியமா அக்கா," என்று குகதாசன் அவளுடைய கையைப் பிடித்தான். படிவத்தை அவனே நிரப்பினான். அவள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிறுவனத்து அலுவலர் கோபிசங்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். முப்பது வயது இருக்கும். மழைத்தூறலில் நனைந்த சேட்டின் தோளைக் கையால் தட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான்.

"மணிக்கூடு குடுத்தால் சுவரிலை தொங்கும் அக்கா. பூக் குடுத்தால் மனசிலை நிக்கும். எங்களுக்கு ரெயினிங்கிலை சொல்லித் தந்தது," என்றான்.

"மணிக்கூடு ஓடாமல் போனால் திருத்தலாம் தம்பி. பூ வாடினால்?" என்று தேத்தண்ணி கொண்டுவந்த ஞானாம்பிகை கேட்டாள்.

"வாடினால் அடுத்ததை அனுப்புவம். அதுதானே யாவாரம்!" அவன் சிரித்தான். "நீங்கள்தானே சரம் கட்டிற அக்கா? போனமுறை பாத்தனான், ஒரு மொட்டு விலகேல்லை. வடிவான கை."

ஞானாம்பிகை வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். கோபிசங்கர் பெட்டிகளைப் பிரித்துக் காட்டினான். சிவப்புப் பெட்டி ஐம்பத்தைந்து. வெள்ளைப் பெட்டி ஒன்பது.

"சிவப்புக்குள்ளை சிவப்பு அந்தூரியம், மல்லிகைச் சரம், குங்குமச் சிமிழ், மஞ்சள், காப்பு. வெள்ளைக்குள்ளை வெள்ளை அந்தூரியமும் இலையும் மட்டும். சரம், குங்குமம் ஒண்டும் வைச்சிடாதேங்கோ."

"ஏன் தம்பி?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "புருசன் இல்லாத ஆக்கள். போனவருசம் வேறை கிளையிலை ஒருத்தன் அப்பிடி ஒரு அம்மாவுக்குக் குங்குமம் குடுத்துப்போட்டான். அந்த மனுசி அழுதுபோட்டுதாம். அதுதான் இந்தமுறை ஹெட் ஒபிஸிலை பைலுகளைப் பாத்து லிஸ்ற்றைப் பிரிச்சுத் தந்திருக்கினம். ஒருத்தரின்ரை மனமும் நோகப்படாதெல்லே."

உதயகலா லிஸ்ற்றை வாங்கினாள். வெள்ளைப் பக்கத்தில் ஏழாவது பெயர்: திருமதி இ. ஞானாம்பிகை, புத்தூர் கிழக்கு.

அவள் மற்றப் பக்கத்தையும் ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "இதிலை ஒரு பேரை மாத்தேலாதோ?" என்றாள்.

"எது?"

அவள் விரலை வைத்தாள். அவன் வாசித்தான். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"உவவோ?"

"ஓம்."

"அக்கா… பைலிலை டெத் சேர்டிபிக்கற் இருக்குது. அதை வைச்சுத்தானே காணி ஈடு எழுதினது. இப்ப நான் சிவப்புக்கு மாத்தச் சொன்னால், அப்ப அந்தச் சேர்டிபிக்கற் என்ன எண்டு கேப்பினம். புருசன் இருந்தால் ஈடு செல்லாது. கொட்டில், ஓடர், என்ரை வேலை எல்லாம் அதோடை சரி." அவன் உண்மையாகவே கவலைப்பட்டான். "நான் உவவை நோகடிக்க விரும்பேல்லை. நீங்களே பக்குவமாச் சொல்லுங்கோவன். வெள்ளிக்கிழமை நானே வந்து எல்லாருக்கும் பெட்டியைக் குடுத்துப் படம் எடுக்கோணும். படம் இல்லாட்டிக் குடுத்ததாக் கணக்கில்லை."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த குகதாசனிடம் உதயகலா எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேறை ஆரையும் நிப்பாட்டிப் படம் எடுத்தால் என்ன?" என்றான் அவன்.

"பைலிலை மச்சாளின்ரை அடையாள அட்டைப் படம் இருக்குது."

"அப்ப அவவே நிக்கட்டும். அஞ்சு நிமிசம்."

"பொட்டோடையோ? தாலிக்கொடியோடையோ? வெள்ளைப் பெட்டியை ஏந்திக்கொண்டு?"

அவன் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளிக் காலில் ஊற்றினான். கால் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, ஓடரை விடுவம். வேறை ஆரும் எடுக்கட்டும்."

"நீர் சும்மா இரும். ஓடரை விட்டாலும் பேர் லிஸ்ற்றிலை இருந்து போகுமே? பெட்டி எப்பிடியும் வரும். மற்றவன் செய்த பெட்டி வாறதிலும் பாக்க எங்கடை பெட்டி வரட்டும்."

அது நியாயம் மாதிரி இருந்தது. உதயகலா அதற்குமேல் கதைக்கவில்லை. தான் கதைக்காமல் விட்டது தனக்கும் ஆறுதலாக இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததை உடனே மறக்கப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் மல்லிகை மொட்டு வந்தது. மழையால் விளைச்சல் குறைவு. ஊரெழுவரைக்கும் போய்த் திரட்டவேண்டியிருந்தது. விறாந்தையில் பாய் விரித்து, நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு ஞானாம்பிகை சரம் கட்டினாள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கை பார்க்காமலே ஓடியது. கீர்த்திகா பக்கத்தில் இருந்து அவலில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தாள்.

"மாமி, உங்கடை கையிலை மெஷின் பூட்டியிருக்கோ?"

"ஓமடி, கறன்ற் பில்லை உன்ரை கொப்பர் கட்டுறார்."

ஐம்பத்தைந்து சரம் முடிந்தது. ஞானாம்பிகை வெள்ளைப் பெட்டிகளை இழுத்தாள்.

"உதுகளுக்கு?"

"சரம் இல்லை மச்சாள். பூ மட்டும்," என்றாள் உதயகலா. அவள் பெயர் ஒட்டும் வேலையைத் தன்னிடம் வைத்திருந்தாள். மச்சாளுக்குக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்துத் தெரியாது.

"ஏனாம்?"

"புருசன் இல்லாத ஆக்களாம்."

ஞானாம்பிகை உச்சுக்கொட்டினாள். "பாவங்கள். நல்ல நாளிலை உதை ஏன் பிரிச்சுக் காட்டுவான்? எல்லாருக்கும் வெறும் பூவைக் குடுத்திட்டுப் போனால் என்ன?" பிறகு எழுந்து வாளியில் தேடி, மடல் பெரிதான வெள்ளைப் பூக்களாகப் பொறுக்கினாள். "அந்தச் சின்னனை எடு. பெருசா வை. அவளவைக்கு வேறை ஆர் பூக் குடுக்கப்போகினம்."

ஒன்பது பெட்டிக்கும் அவளே இலை அடுக்கினாள். ஏழாவதின் மூடியைச் சாத்தும்போது ஓரம் மடங்கியிருந்தது. நகத்தால் நீவி நேராக்கினாள். உதயகலா குனிந்து ஸ்ரிக்கர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய குகதாசன் அக்காவிடம் சொன்னான். அவள் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, மழையைப் பற்றித் தொடங்கி, ஓடரைப் பற்றிச் சொல்லி, லிஸ்ற்றுக்கு வந்தான். அவள் குழைப்பதை நிறுத்தவில்லை.

"எத்தினையாவது பேர்?"

"என்னக்கா?"

"லிஸ்ற்றிலை எத்தினையாவது பேர் எண்டு கேட்டனான்."

"ஏழு."

"நேற்று நான்தானே அடுக்கினனான்." அவள் மாவைச் சுளகில் கொட்டினாள். "உதயாவுக்கு முந்தியே தெரியும் என்ன?"

அவன் வாசல் நிலையை நகத்தால் சுரண்டினான்.

"சரி. வந்தால் வாங்கிவைக்கிறன். ஒரு பெட்டி தானே."

"படம் எடுக்கோணும் அக்கா. கொழும்பிலை பாப்பினம். பொட்டு… அந்த ஒரு படத்துக்கு மட்டும். பேந்து உடனை வைக்கலாம்."

இப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் அரிசிமா முழங்கைவரைக்கும் ஒட்டியிருந்தது.

"கொடியையும் கழட்டோணுமோ?"

"சீலைக்குள்ளை விட்டால் காணும்."

"நீ நல்லா யோசிச்சுத்தான் வந்திருக்கிறாய்," என்றாள் ஞானாம்பிகை.

கோபிசங்கர் ஒன்பது மணிக்கு வந்தான். முற்றத்துக் கொய்யா மரத்தடியில் வெளிச்சம் நல்லது என்றான். ஞானாம்பிகை சாம்பல்நிறச் சேலையில் வந்தாள். கொண்டையில் பூ இல்லை. கொடி உள்ளே. நெற்றியை அவளே கழுவியிருந்தாள். ஆனால் முப்பது வருடம் குங்குமம் இருந்த இடம் வெளிறி, ஓரத்தில் மெல்லிய சிவப்போடு வட்டமாகத் தெரிந்தது.

கோபிசங்கர் கைபேசியைத் தாழ்த்தினான். சொல்லச் சங்கடப்பட்டு உதயகலாவைப் பார்த்தான். "அக்கா, அந்த அடையாளம்… படத்திலை பொட்டு மாதிரியே விழுது."

உதயகலா தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். விரலில் தொட்டு மச்சாளின் நெற்றியில் தேய்த்தாள். ஞானாம்பிகை கண்ணை மூடவில்லை. அவ்வளவு கிட்டத்தில் உதயகலாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழுத்தித் தேய். போகாது," என்றாள்.

சிவப்புப் போயிற்று, வெளிறல் போகவில்லை. கீர்த்திகாவின் பவுடரைப் பூசினார்கள். கோபிசங்கர் வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். குகதாசன் கைபேசியை வாங்கிப் படம் எடுத்தான்.

"எப்பன் சிரியுங்கோ அக்கா," என்றான் கோபிசங்கர், பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தபடி. "பரிசெல்லே."

அவள் சிரித்தாள். இரண்டாவது படம் நன்றாக வந்தது.

படம் நிறுவனத்துக்குள் நிற்கும் என்றுதான் வீட்டில் மூன்று பேரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கீர்த்திகா கைபேசியைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடி வந்தாள். நிறுவனத்தின் முகப்புத்தகப் பக்கத்தில் அறுபத்துநாலு படத்தில் நாலைத் தெரிந்தெடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒன்று ஞானாம்பிகை. கீழே, 'கணவரை இழந்தும் கலங்காமல் மண்ணில் பூ விளைவிக்கும் எங்கள் புத்தூர் அம்மாவுக்கு ஒரு பூ.' ஆயிரத்து இருநூறு பேர் விரும்பியிருந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், 'இராசநாயகம் அண்ணையின் ஆத்மா சாந்தியடையட்டும்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக இறங்கின.

"அம்மா, இதை அழிக்கச் சொல்லுங்கோ."

உதயகலா கோபிசங்கருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவனுடைய குரல் சந்தோசத்தில் துள்ளியது. "அக்கா, நானே எடுக்க இருந்தனான். தீபாவளி ஓடர் உறுதி. வவுனியாவும் சேத்து. உந்தப் படம்தான் காரணம். அதை எப்பிடி எடுக்கச் சொல்லுறது?"

விசயதசமி அன்று பின்னேரம் ஞானாம்பிகை வழமைபோல முழுகி, பொட்டு வைத்து, பூ வைத்து, அம்மன் கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். பக்கத்து வளவுப் பூரணம் குங்குமத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தாள். பதினைந்து வருடமாக ஞானாம்பிகைக்குக் குங்குமம் தந்த கை அது. இவள் விரலை நீட்டினாள். பூரணம் தட்டைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குறை நினையாதை ஞானம். எங்களுக்குத் தெரியாமல்தானே இவ்வளவு நாளும் தந்தது. நீயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனாள். அடுத்தவள் போன சித்திரையில் கலியாணம் கட்டியவள். அவள் ஒரு அடி தள்ளி நின்று குங்குமம் எடுத்தாள்.

மறுநாள் காலை. மழை விட்டிருந்தது. ஞானாம்பிகை வெளிக்கிட்டுக் குடையும் கைப்பையுமாக முற்றத்தில் இறங்கினாள். ஓட்டோவில் பூ வாளி ஏற்றிக்கொண்டிருந்த குகதாசன் நிமிர்ந்தான்.

"எங்கையக்கா?"

"கொம்பனிக்கு."

"என்னத்துக்கு?"

"அவர் இருக்கிறார், தாள் பொய் எண்டு சொல்லப்போறன்."

குகதாசன் வாளியை வைத்துவிட்டு ஓடிப்போய் வாசல் படலையைப் பிடித்தான். "அக்கா, விசர்க்கதை கதையாதை. பொய்ச் சேர்டிபிக்கற் எண்டு பொலிசுக்குக் குடுப்பினம். கையெழுத்து உன்ரை. கொட்டிலைப் பிரிப்பினம், காணியைக் கோட்டிலை போடுவினம். பிள்ளை ஏஎல் சோதினை எடுக்கிற வருசம்."

"எல்லாம் என்ரை காணிதானே. போனால் போகட்டும்."

"அப்ப நாங்கள்?"

"நீங்கள் உயிரோடைதானே இருக்கிறியள். உயிரோடை இருக்கிறவை எங்கையும் இருக்கலாம். அவர் வந்தால் இஞ்சைதான் வரோணும். வரேக்கை ஊர் முழுக்க அவருக்குச் சாந்தி சொல்லிக்கொண்டு நிக்கப்படாது. தள்ளு."

உதயகலா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கையால் போன இரண்டு பேர் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஞானாம்பிகை படலையின் கம்பியில் கையை வைத்து இழுத்தாள். அது அசைந்தது. அவளுக்கு இன்னும் பலம் இருந்தது. அப்போதுதான் குகதாசன் சொன்னான்.

"அத்தான் செத்துப்போனார் அக்கா."

பதினேழு வருடத்தில் அந்த வளவுக்குள் முதல்தரம் அந்தச் சொல் விழுந்தது. அவன் சத்தம்போட்டுக்கூடச் சொல்லவில்லை.

ஞானாம்பிகையின் கை கம்பியிலேயே இருந்தது.

"எப்ப?" என்றாள்.

"என்ன?"

"செத்துப்போனார் எண்டு சொல்லுறியே. எப்பவடா?"

அவனுக்குத் திகதி தெரியும். படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட ஏலாது என்று கந்தோரில் சொன்னபோது, அங்கேயே நின்று யோசித்து அவனே எழுதினது.

"ரெண்டாயிரத்தி ஏழு, ஆவணி பதினேழு."

அவள் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"அவர் போய் மூண்டாம் வெள்ளி," என்றாள். "அண்டைக்கு நான் சந்நிதி முருகன் கோயிலிலை கற்பூரச்சட்டி எடுத்தனான், அவர் திரும்பி வரோணும் எண்டு. கை பொக்களிச்சு வந்தது. தொண்டைமானாற்றுக்கு நீதானேடா என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போனனீ."

குகதாசன் தலையைக் குனிந்துகொண்டான். படலையை விடவில்லை.